ஊவாத் தோட்டங்களும் கூட்டு ஒப்பந்தமும்

ஊவா மாகாணத்தின் பதுளையிலிருந்து லுணுகலை, மொனராகலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், நமுனுகுலை மலைத்தொடரைச் சார்ந்து கிடக்கும் பசறைப் பிரதேசத்தின் தேயிலைத் தோட்டங்களில் கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்படாத லயம் என்னும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு ஒன்றுகூட இராது. எனினும் அதைப் பற்றி அங்கே எழும் முதற் கேள்வி பெரும்பாலும் ‘எவ்வளவு?’ என்பதாகவே இருந்து வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றித் தொழிற்சங்கத் தலைவர்களும் கம்பெனிப் பிரதிநிதிகளும் அமர்ந்து, பல பக்கங்கள் கொண்ட ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டு எழுந்தபோது, அப்பத்திரத்திலிருந்து மலைக்கு வந்து சேர்ந்தது ஒரு தொகை மட்டுமே. 405, 515, 620, 730, 750 என்று அந்தத் தொகைகளை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் அநேகர் உண்டு. தொகைக்கு மேலும் கீழும் எழுதப்பட்டிருந்த நிபந்தனைகளை அவர்களுக்குப் படித்துக் காட்டியவர்கள் அநேகர் இல்லை. 2021ஆம் ஆண்டில் அந்த ஒப்பந்த முறையே முறிந்துபோனபோது மலையகம் இழந்தது எது என்பதை ஆராயப் புகுந்தால், அந்த நிபந்தனைகளிடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கூட்டுப் பேரம் என்னும் தத்துவத்தை உலகுக்கு விளக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர்கள் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் என்னும் ஆங்கிலத் தம்பதியர். தொழில்துறை ஜனநாயகம் பற்றிய அவர்களுடைய பெரு நூல் 1897இல் வெளிவந்தது. தனியொரு தொழிலாளி தனியொரு முதலாளியிடம் சென்று தன் உழைப்புக்கு விலை பேசினால், பசியுள்ளவன் பசியில்லாதவனோடு பேசும் பேச்சாகவே அது முடியும் என்பதும், தொழிலாளர் ஒன்றுகூடித் தங்கள் பிரதிநிதிகள் மூலம் பேசினாலன்றி அங்கே சம்மதம் என்பதற்கு அர்த்தமில்லை என்பதும் அத்தத்துவத்தின் சாரம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1949இல் நிறைவேற்றிய 98ஆம் இலக்கச் சமவாயம் இவ்வுரிமையைப் பாதுகாத்தது; இலங்கை அதனை 1972இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், சங்கமும் முதலாளியும் எழுத்து மூலம் செய்துகொள்ளும் உடன்பாடு தொழில் ஆணையாளரிடம் சமர்ப்பிக்கப்பட்டு வர்த்தமானியில் பிரசுரமானால், அதன் ஷரத்துகள் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை உடன்படிக்கையிலும் தாமே புகுந்துவிடும் என்று விதித்திருந்தது. கையொப்பமிட்ட சங்கத்தில் அங்கத்துவம் இல்லாதவருக்கும், அதே முதலாளியின் கீழ் அதே வேலையைச் செய்பவராயின், அதன் பலன் கிட்டும்.

சட்டத்தின் இந்த நியாயமான ஏற்பாடு, தோட்டத்து நிர்வாகத்தின் நெடுநாளைய வழக்கத்துக்கு நேர் விரோதமானது. தோட்ட நிர்வாகியான துரையின் வாக்கே சட்டமாக இருந்த காலத்தில், கூலி எவ்வளவு, வேலை எவ்வளவு என்பவற்றைப் பற்றி உழைப்பவனோடு கலந்து பேசுவது என்ற எண்ணமே தோன்றியிருக்க இடமில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் பிறந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டது. இரண்டு அரசாங்கங்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து தொழிலாளியின் கூலியை நிர்ணயித்தார்கள்; தொழிலாளி அந்தச் சம்பாஷணையில் இல்லை. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஸ்தாபித்து அந்த மௌனத்தை உடைக்க முயன்றார். ஆயினும் தோட்ட எல்லைக்குள் சங்கக்காரர் பிரவேசிப்பதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது.

அந்தக் கதவு திறந்தது 1940இல். அவ்வருஷம் ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதன்பின் கிளர்ச்சி மலைநாடெங்கும் பரவி, சித்திரை வைகாசியளவில் ஊவாவை வந்தடைந்தது. ஊவாவில் லங்கா சமசமாஜக் கட்சியினர் அதனை முன்னின்று நடத்தினர். பதுளையில் கூட்டங்களைத் தடைசெய்து நீதவான் பிறப்பித்த கட்டளையை மீறி, மே 12ஆம் தேதி அக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா அங்கே பெருங்கூட்டத்தில் பேசினார். பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்திலோ, தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள, அச்சபையைக் கலந்தே காரியங்களை நடத்துவதாகத் தோட்டத்துத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயுதம் தாங்கி வந்த பொலிஸ் குழுவொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டனர் என்பதும் அக்காலத்து வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அக்கிளர்ச்சியை ஓயச் செய்தன.

வெவெஸ்ஸச் சபை நெடுநாள் நீடிக்கவில்லை; ஆயினும் ஊவாவின் தொழிற்சங்கச் சரித்திரத்தில் அதற்கு நிகரான சம்பவம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கொழும்பில் எவரோ தங்கள் சார்பில் பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே, வேலையை நடத்துகிறவனோடு, வேலை செய்கிறவர்களே பேசினார்கள். அதே ஆண்டு ஜூலையில் தோட்ட முதலாளிகளின் சங்கமும் தொழிற்சங்கங்களும் ‘ஏழு அம்ச ஒப்பந்தம்’ என்று பிரசித்தி பெற்ற உடன்பாட்டைச் செய்துகொண்டதற்கு, முல்லோயாவிலும் ஊவாவிலும் எழுந்த இந்த நிர்ப்பந்தமே காரணம் என்று கருதுவது பிழையாகாது. தோட்டத்தில் சங்கம் என்பது ஒன்று உண்டு என்பதையும், பிணக்குகளை அதனோடு பேசித் தீர்க்க வேண்டும் என்பதையும் முதலாளி வர்க்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

பேசும் உரிமை இவ்வாறு முளைவிட்ட வேளையிலேயே வாக்குரிமை பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதி உட்பட ஏழு தொகுதிகளில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வெற்றி பெற்றிருக்க, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரைப் பாராளுமன்ற வாசலுக்கு வெளியே நிறுத்தின. இதன் விளைவு தொழிற்சங்கத்தின் சுபாவத்தையே மாற்றிவிட்டது. பிற நாடுகளில் சங்கம் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் உரியது. மலையகத்திலோ சங்கமே கட்சியாகவும், தூதரகமாகவும், பிறப்புச் சான்றிதழ் முதல் பிரஜாவுரிமை மனு வரையில் எழுதிக் கொடுக்கும் கந்தோராகவும் ஆகிவிட்டது. தோட்டத் தலைவரிடம் ஜனங்கள் இன்றும் காட்டும் மரியாதைக்கும், அவரிடம் கொள்ளும் கோபத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிரஜாவுரிமையின்றி மிச்சமிருந்தோருக்கு அதை வழங்கிய சட்டம் 2003இல் நிறைவேறியது. பிற்கால ஒப்பந்தங்களுக்கெல்லாம் அடிப்படையான விரிவான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஆண்டில் என்பது கவனிக்கத்தக்கது.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1941ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சம்பள நிர்ணய சபை பல்லாண்டுகள் கூலியை வகுத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலியை ஈட்டித் தந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்குச் சென்றபின், அக்கம்பெனிகளின் சார்பில் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்றும் கையொப்பமிடும் மரபு உறுதிப்பட்டது. மற்றச் சங்கங்கள் வெளியே நின்று விமர்சித்தன. உள்ளே இருந்தவர்கள் பொறுப்பைச் சுமந்தார்கள், வெளியே இருந்தவர்கள் சுமக்கவில்லை என்று ஒரு சாராரும், உள்ளே இருந்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள் என்று மறு சாராரும் இன்றளவும் தர்க்கித்து வருகிறார்கள். இரண்டிலும் உண்மை இருப்பதால் அந்தத் தர்க்கம் முடிவதாயில்லை.

இனித் தொகைகளுக்கு வருவோம். 2009இல் அடிப்படைச் சம்பளம் 285 ரூபாய், மொத்தம் 405. 2011இல் அடிப்படை 380, மொத்தம் 515. 2013இல் அடிப்படை 450, மொத்தம் 620. அடிப்படைக்கும் மொத்தத்துக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தில்தான் ஒப்பந்தத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் 620இல், 140 ரூபாய் வரவுக்கான கொடுப்பனவு. 30 ரூபாய் தேயிலை விலைக்கேற்ற பங்கு என்று பெயர் பெற்றது. வரவுக் கொடுப்பனவைப் பெறுவதற்கு, தோட்டம் வேலை வழங்கிய நாட்களில் 75 சதவீதமாவது வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 24 நாள் வேலை கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டால், எல்லை 18 நாள். 18 நாள் வந்த பெண்ணுக்கு 11,160 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சலென்று இன்னும் ஒரே ஒரு நாள் வீட்டில் நின்று, 17 நாள் மட்டும் வந்த அடுத்த லயத்துப் பெண்ணுக்கு, நாளொன்றுக்கு 480 வீதம் 8,160 ரூபாய். ஒரு நாள் வரவு தவறியதற்கு விலை 3,000 ரூபாய். பத்திரிகைகள் 620 என்று தலைப்பிட்டன. சம்பளச் சீட்டோ வேறொன்றைச் சொல்லிற்று.

2015 மார்ச்சில் காலாவதியான ஒப்பந்தம் பதினெட்டு மாதங்களுக்கு மேல் இழுபட்டு, 2016 ஒக்டோபரில் 730 ரூபாயாகப் புதுப்பிக்கப்பட்டது: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. 2018இல் அடிப்படைச் சம்பளமே 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஒக்டோபர் 24ஆம் தேதி கொழும்புக் காலிமுகத்திடலில் மலையக இளைஞர் திரண்டார்கள், டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது, 2019 ஜனவரி 28ஆம் தேதி கையெழுத்தானது 750 ரூபாய். இருபது ரூபாய்க்காகவா இத்தனை போராட்டம் என்று ஜனங்கள் பொங்கியதில் வியப்பில்லை. எனினும் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இம்முறை அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆயிற்று. வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீங்கின. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் கம்பெனி செலுத்த வேண்டிய 15 சதவீதம் அடிப்படையின் மீதே கணிக்கப்பட்டதால், நாளொன்றுக்கு 75 ரூபாயாக இருந்த அப்பங்கு 105 ரூபாயாயிற்று. நிபந்தனையின்றிக் கைக்கு வரும் தொகை 530இலிருந்து 750 ஆனது. நல்ல வரவும் நிறைந்த கொழுந்தும் காட்டக்கூடிய திடகாத்திரமான தொழிலாளிக்கு இருபது ரூபாயே லாபம். நோயாளிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், வயதானவருக்கும் லாபம் மிக அதிகம். என் அபிப்பிராயத்தில், அண்மைக் கால ஒப்பந்தங்களுள் நியாயத்துக்கு நெருங்கியது மிகவும் ஏசப்பட்ட இந்த 2019ஆம் ஆண்டு ஒப்பந்தமே. அதை விளக்கிச் சொல்லக் கையொப்பமிட்டவர்களுக்குத் திராணி இருக்கவில்லை. அவர்களே 1,000 என்று முழங்கியிருந்தபடியால், 750இன் நற்குணங்களை எடுத்துரைக்க வாயெழவில்லை.

ஆயினும் அந்த ஒப்பந்தமும் சரி, அதற்கு முந்தியவையும் சரி, தீர்க்காமல் விட்ட பிரச்சினை ஒன்று உண்டு. அது கிலோப் பிரச்சினை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியபின், ஒரு நாளில் கொழுந்து பல தடவை நிறுக்கப்படுகிறது. தராசருகே சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிவு போடப்படுகிறது. நாள் முடிவில் கணக்கில் ஏறிய கிலோ, தோட்டம் வைத்த அளவை எட்டினால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; எட்டாவிட்டால் பாதிச் சம்பளமாகிய அரைப்பேர். அந்த அளவு எத்தனை என்பதை நாடெங்கும் ஒன்றாக வகுத்தல் இயலாது. தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் அது மாறியாக வேண்டும். மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

ஊவாவில் இக்கேள்விக்குத் தனியான கூர்மை உண்டு. ஆடி முதல் புரட்டாதி வரை மலைகளைக் கடந்து வறண்டு வீசும் காற்றினால், பசறை, மடூல்சீமை, தெமோதரை, நமுனுகுலைப் பகுதிகளின் தேயிலையில் உலகப் பிரசித்தி பெற்ற அந்த வாசனை ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு உச்ச விலை கிடைப்பதும் இப்பருவத்தில்தான். அதே காற்றினால் தளிர் காய்ந்து கொழுந்து வரத்துக் குறுகிவிடுகிறது. ஆகவே, தேயிலை மிக அதிக விலைக்குப் போகும் வாரங்களிலேயே கொழுந்து பறிப்பவளுக்குக் கிலோ எட்டுவது மிகக் கடினமாகிறது. விலையோடு சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பங்கோ 2009, 2011, 2013, 2016 ஆகிய நான்கு ஒப்பந்தங்களிலும் 30 ரூபாயாகவே அசையாது நின்றது. ஊவாவின் பருவத்தை அறிந்த ஒருவர் அந்த மேசையில் அமர்ந்து, அதைக் கணக்கில் எடுக்கும்படி வாதாடியிருப்பின், அத்தகையதொரு ஏற்பாடு நான்கு தடவை கையொப்பம் பெற்றிருக்கும் என்று நம்புவது கடினம்.

2021 ஜனவரியில் ஒப்பந்தம் காலாவதியாயிற்று, பின்னர் புதுப்பிக்கப்படவில்லை. அரசாங்கம் வாக்களித்திருந்த 1,000 ரூபாயைச் சம்பள நிர்ணய சபை, முதலாளிமாரின் ஆட்சேபத்தையும் மீறி, 900 ரூபாய் நாட்சம்பளமும் 100 ரூபாய் வரவுசெலவுப் படியுமாக நிர்ணயித்து மார்ச் மாதத்தில் வர்த்தமானியில் வெளியிட்டது. கம்பெனிகள் நீதிமன்றத்தை நாடின. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் அறிவித்தார். அதற்கும் உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வந்து, முடிவில் 1,350 ரூபாயே நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டமோ நாட்சம்பளத்தை 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கத்தின் பங்காக வரவுக்கு 200 ரூபாயும் சேர்ப்பதாகப் பிரஸ்தாபித்தது. சம்பளம் ஏறியிருக்கிறது, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய அரிசி விலையையும் மாவு விலையையும் நினைத்தால் ஏறியதாகச் சொல்லத் தயங்க வேண்டியுமிருக்கிறது.

ஒப்பந்தத்தின் மற்றப் பாகம் என்னவாயிற்று? பிணக்கு எழுந்தால் முதலில் தோட்டத்தில், பின்பு மேல் மட்டத்தில் என்று படிப்படியாகப் பேசித் தீர்க்கும் கிரமத்துக்கு ஒப்பந்தமே ஆதாரமாக இருந்தது. வர்த்தமானி சம்பளத்தை மட்டுமே பேசும். கிலோவைப் பற்றி அதற்கு வாயில்லை. 1,000 ரூபாய் வந்தபின், நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று அளவு கூட்டப்பட்டதாகவும், எட்டாதவருக்கு அரைப்பேரே விழுந்ததாகவும் மலைநாட்டின் பல பகுதிகளிலிருந்து முறைப்பாடுகள் கிளம்பியது இதனால்தான். கம்பெனிகள் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமலில்லை: வயதேறிய செடிகள், சிறுதோட்டக்காரரின் போட்டி, உழைப்பின் விளைவு உயராமல் சம்பளம் மாத்திரம் உயர்ந்தால் தோட்டம் நிலைக்காது என்ற அச்சம். இவை பொய்யல்ல. ஆனால் செடியை மீள நடாமல் விட்டது கொழுந்து பறிப்பவள் அல்லள். அந்தக் குறையை அவளுடைய கூடையிலிருந்து ஈடுசெய்ய முயல்வது எவ்வகையிலும் நீதியாகாது.

அந்த மேசையில் அவளுக்கு ஒருபோதும் உரிய ஸ்தானம் கிடைத்ததில்லை. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். பேசியவர்கள் இருபுறத்திலும் பெரும்பாலும் ஆண்கள். மாதர் தலைவிகள் தோட்டந்தோறும் இருந்தும் அவர்களுடைய அனுபவம் கொழும்புவரை செல்லவில்லை. இதற்கு மாறாக, கேரளத்து மூணாறில் 2015 செப்டம்பரில் தமிழ்த் தோட்டப் பெண்கள் கம்பெனியை எதிர்த்ததோடு நில்லாமல் தங்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் வீதியில் அமர்ந்தார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அவ்வாண்டில் 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500. ஆயினும் பேரம் பேசுவோர் யார் என்பதை அவர்கள் மாற்றிக் காட்டினார்கள்.

பசறையின் லயங்களிலிருந்து இன்றைய இளைஞர்கள் மலைக்குப் போவதில்லை, கொழும்புக்குப் போகிறார்கள். கட்டட வேலைத்துறைக்கும் சம்பள நிர்ணய சபை உண்டு. ஆனால் மேசன்மாருக்குக் கையாளாகவும் கம்பி கட்டுபவராகவும் போய் நிற்கும் நம் பிள்ளைகளுக்காகப் பேசும் சங்கமோ, அவர்களைக் காக்கும் கூட்டு ஒப்பந்தமோ அங்கே காண்பதற்கில்லை. வேலையை மேற்பார்க்கும் பாஸ் சொன்னதே கூலி. தோட்டத்தைவிட அதிகக் காசு கிடைக்கிறது என்பதனால் அவர்கள் முறையிடுவதில்லை; சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு நட்டஈடு கேட்க யாரிடம் போவது என்று தெரியாமல் திரும்பி வரும்போதுதான், சந்தா கட்டிச் சலித்த பழைய சங்கத்தின் பிரயோஜனம் வீட்டாருக்கு ஞாபகம் வருகிறது. தோட்டத்துக்கே மீண்டும் வந்தால், 1929இல் கூலியை வகுத்தவர்கள் தொழிலாளியைக் கேட்கவில்லை. இன்று வகுக்கும் சபையில் அவனுடைய பிரதிநிதிகள் இருக்கிறார்கள், எனினும் மலையில் அளவு வைக்கும் அதிகாரம் பழையபடி துரையிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனவே, இனியொரு கூட்டு ஒப்பந்தம் எழுதப்படுமாயின், எந்தச் சங்கம் கையொப்பமிட்டாலும், மூன்று காரியங்களை அது செய்யட்டும் என்று கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். மலைவாரியாகவும் பருவவாரியாகவும் கிலோ அளவை வகுக்க, தோட்டந்தோறும் கொழுந்து பறிப்போரே தேர்ந்தெடுக்கும் ஒரு கமிட்டிக்கு எழுத்தில் அதிகாரம் தரட்டும். அக்கமிட்டியில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும். கையொப்பமிடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஒப்பந்தம் முழுவதும் தமிழில் பெரட்டுக் களத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, அதன் பிரதி ஒவ்வொரு லயத்துக்கும் கொடுக்கப்படட்டும்.